மாடல் கிட்டின் குரோம் பூச்சை நீக்குதல்: உலோகம் போன பிறகும் நிற்கும் அந்த மஞ்சள் படலம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1/25 அளவிலான 1957 செவ்ரோலே பெல் ஏர் காரின் பிளாஸ்டிக் கிட்டில் பம்பர்கள், கிரில், சக்கர மூடிகள், எஞ்சினின் சில உறுப்புகள் ஆகியவை குரோம் பூசப்பட்டே வந்திருக்கின்றன. பம்பரின் மேல் விளிம்பில் அச்சு இணைப்புக் கோடு துருத்திக்கொண்டு தெரிவதால், பூச்சை நீக்கிவிட்டு அதைத் தேய்த்துச் சமன் செய்ய நினைத்தீர்கள். ப்ளீச் திரவத்தில் போட்டதும் வெள்ளிப் பளபளப்பு மறைந்துவிட்டது; ஆனால் வெளிர் மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் மட்டும் போக மறுக்கிறது. அதைத் தின்னரால் துடைத்து எடுக்கலாமா என்பது கேள்வி.

தின்னரைத் தொடவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பெயின்ட்டுக்கு விற்கும் என்.சி. தின்னர், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன், டொலுவீன், பெட்ரோல் எல்லாமே பாலிஸ்டைரீனைக் கரைக்கக்கூடியவை அல்லது இளக்கக்கூடியவை. உங்கள் பம்பரும் பாலிஸ்டைரீனால் ஆனதுதான். படலம் கரைவதற்குள் அதன் கீழே இருக்கும் நுணுக்கமான வடிவங்கள் கரைந்துவிடும். குரோம் நீக்கும் வேலையில் பாழாகிப்போகும் உறுப்புகளில் பெரும்பாலானவை உலோகத்தை எடுக்கும்போது பாழாவதில்லை. உலோகம் போன பிறகு இந்த மஞ்சள் படலத்தோடு மல்லுக்கட்டும்போதுதான் பாழாகின்றன. ஆகவே இதை ஒரே வேலையாகக் கருதாமல், வெவ்வேறு திரவங்களைக் கேட்கும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேலை ஏன் என்பது அந்தப் பூச்சு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்தால் விளங்கிவிடும். மாடல் கிட்டுகளில் நாம் குரோம் என்று அழைப்பதில் குரோமியம் துளியும் இல்லை, அது அலுமினியம். அச்சிலிருந்து வெளிவந்த பிளாஸ்டிக் சட்டத்தின்மீது, அதாவது உறுப்புகள் காய் காய்த்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ரூவோடு சேர்த்து, முதலில் லாக்கர் எனப்படும் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சைக் கொடுத்து உலர்த்துகிறார்கள். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும் அளவுக்கு அது சமமாக இருப்பதில்லை. அந்தச் சமத்தைக் கொடுப்பது இந்த லாக்கர்தான். பிறகு சட்டங்களை வெற்றிட அறைக்குள் சுழலும்படி மாட்டி, மின்சாரத்தால் சூடேற்றப்பட்ட டங்ஸ்டன் இழைகளில் அலுமினியத்தை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி லாக்கரின்மேல் ஒரு மைக்ரானில் சிறு பங்கு தடிமனுக்குப் படிகிறது. கைபட்டால் அழிந்துவிடும் அளவுக்கு அது மெல்லியது என்பதால் அதன்மேல் பாதுகாப்புக்காக ஒரு தெளிந்த பூச்சும் தரப்படுவது உண்டு. தங்க நிறத்தில் வரும் உறுப்புகளும் இதே முறையில் செய்யப்படுபவைதான். மேலே பூசும் தெளிந்த பூச்சில் மஞ்சள் சாயம் கலந்திருக்கும், அவ்வளவே.

ஆக, பிளாஸ்டிக், லாக்கர், அலுமினியம், மேல்பூச்சு என்ற வரிசையில் நான்கு அடுக்குகள். ப்ளீச் அலுமினியத்தைக் கரைத்துவிட்டது. லாக்கரின்மீது அதற்கு எந்தப் பிடியும் இல்லை. உங்களிடம் எஞ்சியிருக்கும் மஞ்சள் படலம் அந்த லாக்கர்தான். ப்ளீச் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி அல்ல அது. இன்னும் இரண்டு நாள் ப்ளீச்சிலேயே ஊறப்போட்டாலும் அந்தப் படலம் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் இந்த வேலையைத் தொடர்வதற்கு முன், மிச்சமுள்ள உறுப்புகளில் எவற்றின் பூச்சை நீக்க வேண்டும், எவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள். குரோம் என்றாலே எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும் என்ற ஒரு வைராக்கியம் மாடல் செய்பவர்களிடம் அவ்வப்போது தலைதூக்குகிறது. அது பல நேரங்களில் வீண் உழைப்பு. ஆலையில் வெற்றிடத்தில் படிந்த அலுமினியத்தின் பிரதிபலிப்பை வீட்டில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் சிறு கருவி) கொண்டு முழுமையாகத் திரும்பக் கொண்டுவருவது கடினம். எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. குறிப்பாக, தயாரிப்பு நின்றுபோன பழைய கிட் என்றால் இன்னும் ஒருமுறை யோசிப்பது நல்லது.

உங்கள் பெல் ஏர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1957 பெல் ஏர் காரின் கிரில் உண்மையில் வெள்ளி நிறம் அல்ல. அந்த ரகத்துக்கென்றே தங்க நிறச் சாயலேற்றிய அலுமினியக் கிரில் பொருத்தப்பட்டிருந்தது. கிட்டில் அது வெள்ளியாக வந்திருந்தால் பூச்சை நீக்கவே வேண்டாம். இருக்கும் பூச்சின்மேல் தமியா நிறுவனத்தின் எக்ஸ்-24 தெளிந்த மஞ்சள் வண்ணத்தை மெல்லிய படலமாகத் தெளித்து, வேண்டுமானால் எக்ஸ்-26 தெளிந்த ஆரஞ்சைச் சில துளிகள் கலந்துகொண்டால், ஆலையில் தங்கப் பூச்சு எப்படி உருவாகிறதோ அதே முறையில் உங்கள் மேசையிலும் அது உருவாகிவிடும். எஞ்சின் உறுப்புகளின் கதை இதற்கு நேர்மாறானது. கிட் தயாரிப்பாளர்கள் பெட்டியைத் திறந்ததும் கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காக வால்வ் கவர், எண்ணெய்த் தொட்டி, காற்று வடிகட்டி என்று எல்லாவற்றுக்கும் குரோம் பூசிவிடுகிறார்கள். அன்றைய செவ்ரோலே வி8 எஞ்சின்களோ பொதுவாக ஆரஞ்சு வண்ணம் பூசப்பட்டு வந்தவை. ஷோரூமில் நின்ற காரைப்போலச் செய்ய விரும்பினால் இந்த உறுப்புகளின் குரோமுக்கு அங்கே இடமில்லை. மாற்றி அமைத்த ஹாட் ராடு பாணியில் செய்கிறீர்கள் என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

இந்த மோகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் 1958-இல் தன் 3-இன்-1 கார் கிட்டுகளை வெளியிட்டபோது, ஒரே பெட்டியில் ஷோரூம் கார், மாற்றி அமைத்த கார், பந்தயக் கார் என மூன்றில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி கூடுதல் உறுப்புகளைத் தந்தது. அந்த வழியில் வளர்ந்த அமெரிக்கக் கார் கிட் மரபில் குரோம் சட்டம் தனி ஈர்ப்பாகவே நிலைத்துவிட்டது. பழைய அச்சுகளை எடுத்து மறுவெளியீடு செய்யும்போதும் அதே உறுப்புகள் அதே பூச்சோடுதான் வருகின்றன. அச்சு தேய்ந்திருப்பதால் இணைப்புக் கோடுகள் மட்டும் முன்பைவிடத் தடித்திருக்கும்.

உங்கள் பிரச்சினை ஒட்டவில்லை என்பது மட்டுமாக இருந்தால், ஒட்டும் பரப்பில் மட்டும் கத்தி முனையால் பூச்சைச் சுரண்டினால் போதும். பிளாஸ்டிக் சிமென்ட் இரு பக்கத்துப் பாலிஸ்டைரீனையும் இளக்கி ஒன்றாக்குவதன் மூலம்தான் ஒட்டுகிறது. நடுவில் லாக்கரும் அலுமினியமும் இருந்தால் அது பிளாஸ்டிக்கை எட்டாது, அல்லது பூச்சை மட்டும் பற்றிக்கொண்டு பிறகு பூச்சோடு உரிந்து வரும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் தெரியும் சிறு புள்ளிதான் தொந்தரவு என்றால் மோலோட்டோ லிக்விட் குரோம் பேனாவால் ஒரு தொடுதல் போதுமானது. மிதமிஞ்சிப் பளபளக்கிறது என்பது குறையானால் அரைப் பளபளப்புத் தெளிந்த பூச்சைத் தெளித்து அடக்கலாம். ஆனால் வெளியே நன்றாகத் தெரியும் இடத்தில் அச்சுக்கோடு இருந்தால், அல்லது அச்சிலிருந்து தள்ளும் ஊசியின் வட்டத் தடம் இருந்தால், அல்லது இரண்டு பாதிகளை ஒட்டி இணைப்பை மறைக்க வேண்டியிருந்தால், பூச்சை முழுவதுமாக நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் பம்பர் இந்த வகையில்தான் வருகிறது.

முதல் வேலை அலுமினியத்தை எடுப்பது. அலுமினியம் காற்றில் தன்மீது ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால் வெறும் தண்ணீரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. காரம் அந்தப் போர்வையைக் கரைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. வீட்டுக்கு வாங்கும் சோடியம் ஹைபோகுளோரைட் ப்ளீச் திரவம் வேலை செய்வதற்கு அதிலுள்ள காரத்தன்மையும் ஒரு முக்கியக் காரணம். மூடியில்லாத, அல்லது மூடியை இறுக்காமல் மேலே வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் உறுப்புகள் மூழ்கும் அளவுக்குத் திரவத்தை அப்படியே ஊற்றுங்கள்; தண்ணீர் கலக்கத் தேவையில்லை. மேல்பூச்சு மெல்லியதாக இருந்தால் சில நிமிடங்களிலேயே வெள்ளி கரையத் தொடங்கும். தடித்திருந்தால், குறிப்பாகத் தங்க நிற உறுப்புகளில், ஓர் இரவுகூட ஆகலாம். இரவு முழுவதும் வைத்தும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி புட்டிதான்: ஹைபோகுளோரைட் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழந்துவிடும், கடையின் வாசலில் மாதக்கணக்கில் நின்ற புட்டியில் உப்புத் தண்ணீருக்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. விரைவாக வேலை நடக்கட்டும் என்று திரவத்தைச் சூடாக்கவும் கூடாது. சூட்டில் அது சிதைந்து வீரியம் குறையுமே தவிர அதிகரிக்காது.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ப்ளீச்சிங் பவுடர் வேறு பொருள். அது கால்சியம் ஹைபோகுளோரைட் சார்ந்தது. கரைத்தால் சுண்ணாம்பு வண்டலாக அடியில் தங்கி, கிரில்லின் கம்பிகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். திரவ ப்ளீச் கிடைக்கும்போது அதைத் தேடிப்போக எந்தக் காரணமும் இல்லை. கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தைப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் புட்டியும் ப்ளீச் புட்டியும் ஒரே மேசையில் இருப்பதே ஆபத்து: இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும், மூடிய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவையும் அமிலங்களே. அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவங்களோடு கலந்தாலும் நச்சு வாயுதான் வரும்.

ப்ளீச்சுக்கு மாற்று எரிசோடா எனப்படும் காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 50 கிராம் வரை போதும். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது என்பதை இதுவரை படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். ரப்பர் கையுறையும் கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்ட காரம் பார்வையைப் பறித்துவிடும். மேலைநாட்டு மாடல் செய்பவர்கள் பயன்படுத்தும் ஓவன் சுத்திகரிப்பான் நுரையும் இதே சோடியம் ஹைட்ராக்சைடைக் கொண்டுதான் வேலை செய்கிறது. லேபிளில் அந்தப் பெயர் இல்லாத வகைகளை வாங்கிப் பயனில்லை. பாலிஸ்டைரீனுக்குக் காரத்தால் கேடில்லை என்பதால் உறுப்பு பத்திரமாக இருக்கும். என்றாலும் ப்ளீச்சே போதுமானதாக இருக்கும்போது, வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் எரிசோடாவை வாங்கி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கரைந்து முடிந்ததும் உறுப்புகளை டீ வடிகட்டியில் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வடிகட்டி இல்லாமல் கழுவுதொட்டியில் அலசினால் பக்கக் கண்ணாடியோ கதவுக் கைப்பிடியோ சாக்கடையோடு போய்விடும். இந்த அலசலை அவசர அவசரமாக முடித்துவிடக் கூடாது என்பதற்கு இன்னும் பெரிய காரணம் இருக்கிறது: அடுத்த கட்டத்தில் நாம் பயன்படுத்தப்போவது ஆல்கஹால். ஹைபோகுளோரைட்டும் ஆல்கஹாலும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் சேர்மங்கள் உருவாகும். அலசிய பிறகு சுத்தமான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைத்து, மீண்டும் ஒருமுறை அலசி, உலரவிட்டு, ப்ளீச் வாடை அறவே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த திரவத்தைத் திறக்க வேண்டும்.

இப்போது லாக்கர். இங்கே எல்லாக் கிட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது, ஏனென்றால் எந்த லாக்கரைப் பூசினார்கள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில சமயம் ஒரே நிறுவனத்தின் பதிப்புக்குப் பதிப்புகூட, வேறுபடும். ஒரு கிட்டில் ஆல்கஹால் பட்டதும் தோல் உரிவதுபோல உரிந்து வரும் படலம், இன்னொரு கிட்டில் ஒருநாள் ஊறியும் அசையாது. நல்லவேளையாக, சோதித்துப் பார்க்க உங்களிடமே பொருள் இருக்கிறது. குரோம் பூசும்போது ஸ்ப்ரூ சட்டத்துக்கும் சேர்த்தே பூசியிருப்பதால், பம்பரில் இருக்கும் அதே நான்கு அடுக்குகள் அதே வரிசையில் சட்டத்திலும் இருக்கின்றன. சட்டத்தை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு திரவத்திலும் ஒன்றைப் போட்டு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். லாக்கர் இளகுகிறதா என்பதை மட்டுமல்ல, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மென்மையாகிறதா, வளைத்தால் வழக்கத்தைவிட எளிதில் முறிகிறதா என்பதையும் கவனியுங்கள். கிட் முழுவதும் கட்டி முடியும்வரை சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள்.

நான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வது 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை. சர்க்யூட் போர்டு துடைப்பதற்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இது விற்கப்படுகிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கைச்சுத்திகரிப்பான் இதற்கு உதவாது, அதில் தண்ணீரும் பசையும் கலந்திருக்கின்றன. மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் உறுப்புகளை மூழ்க வைத்து, சில மணி நேரம் கழித்துப் பழைய மென்மையான பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். படலம் சுருங்கிப் பிசுபிசுப்பாகத் திரண்டு வந்தால் சரியான திரவம் கிடைத்துவிட்டது என்று பொருள். எல்லாம் ஒரே தடவையில் போகாது. தேய்த்து, மறுபடி ஊறவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். கிரில்லின் இடுக்குகளில் தங்கியதை மூங்கில் பல்குத்தியின் முனையால் எடுக்கலாம். உலோக ஊசி கோடு போட்டுவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் அப்படியே. அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஊறிய உறுப்பை அழுத்தி வளைக்க வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஆல்கஹாலில் நுண்ணிய விரிசல் விடலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்து உள்பக்கம் குரோம் பூசிய முகப்பு விளக்குகள் இருந்தால் அவற்றை ஆல்கஹாலில் போடவே வேண்டாம்.

அமெரிக்க மாடல் செய்பவர்களில் பலர் சூப்பர் கிளீன் என்ற வாகனச் சுத்திகரிப்பானைப் பயன்படுத்துகிறார்கள். காரத்தன்மை மிக்க அத்திரவம் அலுமினியத்தைக் கரைப்பதோடு லாக்கரையும் பல நேரங்களில் இளக்கிவிடுவதால் அவர்களுக்கு இரண்டு வேலையும் ஒரே டப்பாவில் முடிந்துவிடுகிறது. அது கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் அதையே முதலில் முயலலாம்; கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்ததுபோல வறண்டுவிடும்.

ஆல்கஹாலுக்கு மசியாத லாக்கருக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது பிரேக் ஃப்ளூயிட். கிளைகால் ஈதர் அடிப்படையிலான டாட் 3 அல்லது டாட் 4 வகையாக இருக்க வேண்டும்; டாட் 5 சிலிக்கோன் எண்ணெய், அது எதையும் கரைக்காது. பிரேக் ஃப்ளூயிட் வேலை செய்யும், ஆனால் எனக்கு அதன்மேல் பிரியமில்லை. சில பிளாஸ்டிக்குகளை அது நொறுங்கும்படி ஆக்கிவிடுகிறது, மேசையின் வார்னிஷைத் தின்றுவிடுகிறது, வேலை முடிந்ததும் அதைச் சாக்கடையில் கொட்டவும் முடியாது. மெக்கானிக் கடையில் பழைய எண்ணெயோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. கால்சியம் ஹைபோகுளோரைட்டும் பிரேக் ஃப்ளூயிடும் சேர்ந்தால், தீப்பொறி எதுவும் இல்லாமலேயே, சிறிது நேரத்தில் தானாகப் பற்றி எரியும். ப்ளீச்சிங் பவுடரைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். திரவ ப்ளீச் பயன்படுத்திய டப்பாவிலும் பிரேக் ஃப்ளூயிடை ஊற்றாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி நாள் என்று வைத்துக்கொள்வது நலம்.

லாக்கரை எடுத்தே ஆக வேண்டுமா என்ற கேள்வியையும் இங்கே எழுப்ப வேண்டும். மஞ்சள் படலம் எங்கும் ஒரே சீராகப் படிந்திருந்து, இடுக்குகளில் குளம்போலத் தேங்கி வடிவங்களை மழுக்காமல் இருந்தால், அதை அப்படியே விட்டு அதன்மேல் ப்ரைமர் தெளித்துவிடலாம். வண்ணம் பூசப்போகும் எண்ணெய்த் தொட்டி போன்ற உறுப்புகளில் அதை எடுக்க ஒருநாளைச் செலவிடுவது என் கணக்கில் வீண். உங்கள் பம்பரின் நிலைமை அதுவல்ல. அச்சுக்கோட்டைத் தேய்க்கும்போது லாக்கர் இருக்கும் இடத்துக்கும் பிளாஸ்டிக் தெரியும் இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய விளிம்பு உண்டாகும். சாதாரண வண்ணத்தில் அது மறைந்துபோகும். குரோம் பூச்சில் அது வரைபடக் கோடுபோலத் தெரியும், ஏனென்றால் குரோம் எதையும் மறைப்பதில்லை, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவதே அதன் இயல்பு. முன் பம்பரில் துருத்தி நிற்கும் குண்டு வடிவத் தடுப்புகளில் இது இன்னும் மோசமாகத் தெரியும். எனவே பம்பரில் லாக்கர் முழுவதும் போக வேண்டும்.

எல்லாம் போனதும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் கழுவி உலர்த்துங்கள். அச்சுக்கோட்டைக் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, 600 எண் தாளில் தொடங்கி 1000, 1500, 2000 என்று தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்து வாருங்கள். ஒட்ட வேண்டிய பாதிகள் இருந்தால் இப்போதே ஒட்டி, இணைப்பை மாடல் புட்டி எனப்படும் நிரப்பும் பசையால் நிரப்பித் தேய்த்துவிட வேண்டும். பிறகு மெல்லிய ப்ரைமர், அதன்மேல் பளபளப்பான கறுப்பு. இந்தக் கறுப்புதான் உங்கள் குரோமின் தரத்தைத் தீர்மானிக்கும். ஆலையில் லாக்கர் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. அதில் உங்கள் முகம் தெரியவில்லை என்றால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த வண்ணத்தைத் தெளித்தாலும் சாம்பல் நிற வெள்ளிதான் கிடைக்கும். தூசு படாமல் மூடிவைத்து, குறைந்தது இரண்டு நாளாவது நன்றாக இறுக விடுங்கள்.

அதன்மேல் ஆல்கிளாட் II குரோம் என்ற வண்ணத்தை ஏர்பிரஷ்ஷில், 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பனிபோல மெல்லிய படலங்களாகத் தெளிப்பது ஒரு முறை. கறுப்பு முழுவதும் மறைய வேண்டும் என்று தொடர்ந்து தெளித்தால் பிரதிபலிப்பு செத்துவிடும். கறுப்பு மெல்ல வெள்ளியாக மாறும் அந்தக் கட்டத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். மோலோட்டோ லிக்விட் குரோமையும் ஏர்பிரஷ்ஷில் தெளிக்கலாம், அதன் பிரதிபலிப்பு அதைவிடக் கூர்மையாகவே வரும், ஆனால் உலர்வதற்குப் பொறுமை வேண்டும். உலர்ந்துவிட்டது என்று நினைத்துத் தொட்டால் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். இரண்டின்மீதும் தெளிந்த பூச்சு கொடுத்தால் பளபளப்பு ஓரளவு மங்கும். ஆகவே பம்பரைப் பின்புறம் ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டே எல்லா வேலையையும் முடித்து, காரில் கடைசியாகப் பொருத்துவதே நல்லது. அப்போதும் பருத்திக் கையுறை இருக்கட்டும். காரின் பக்கவாட்டில் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும் குரோம் பட்டைகளுக்கு இவை எதுவும் வேண்டாம், பேர்-மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் மெல்லிய தகடு போதும். பின்புறத் துடுப்புக்குக் கீழே பெல் ஏருக்கே உரிய அந்த அலுமினியப் பட்டைக்கு அது பொருத்தமாக அமையும்.

உங்களிடம் இப்போது ப்ளீச்சில் கிடக்கும் உறுப்புகளை இன்றே எடுத்து அலசிவிடுங்கள். அவற்றில் சக்கரங்களை இணைக்கும் உலோக அச்சுகளோ செதுக்கிய பித்தளைத் தகடுகளோ சேர்ந்து கிடந்தால் அவைதான் முதலில் அரிக்கப்படும். கிரில்லை இன்னும் ப்ளீச்சில் போடவில்லை என்றால் அதைச் சட்டத்திலிருந்து வெட்டி, தெளிந்த மஞ்சள் வண்ணத்துக்காகத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சமிருக்கும் சட்டத்தில் இரண்டு துண்டுகளை ப்ளீச்சில் வெள்ளி போகும்வரை வைத்து, அலசி உலர்த்தி, ஆல்கஹாலில் போட்டுப் பாருங்கள். ஒருநாள் ஊறிய பிறகு படலம் எப்படி நடந்துகொண்டது, கிட்டை வெளியிட்ட நிறுவனம் எது, எந்த ஆண்டு மறுவெளியீடு என்ற விவரங்களோடு எழுதினால், பிரேக் ஃப்ளூயிட் வரை போக வேண்டியிருக்குமா என்பதைச் சொல்ல முடியும்.